ஈர்க்குச்சி தொட்ட இடம்

மாசி மாதம் திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னால் வீட்டை ஒழித்து வெள்ளையடிப்பது எங்கள் தெருவில் இன்னும் விட்டுப்போகாத வழக்கம். இந்த வருஷம் பரணில் ஏறிய பேரன், பித்தளை அண்டாவுக்கும் கால் போன தொட்டிலுக்கும் நடுவிலிருந்து ஒரு தோலுறையை இழுத்துத் தூசியை ஊதித் தட்டி, "தாத்தா, இது என்ன கேமராவா?" என்று கேட்டபடி கீழே நீட்டினான். வாங்கிய கை சட்டென்று அறிந்துகொண்டது. அதற்கு அந்த எடை பழக்கம். உறையின் முன்பக்கம் வரிசையாகக் குத்திய துளைகள், ஓரத்தில் பித்தளைப் பொத்தான், தோளில் மாட்டிக்கொள்ள ஒரு வார். முகர்ந்து பார்த்தால், ஐம்பது வருஷம் கழிந்தும், பேகம்பூர்ப் பக்கம் தோல்ஷாப்புகளைத் தாண்டி நடந்த நாட்களின் வாடை லேசாக மிச்சமிருந்தது. அப்பா அப்படி ஒரு தோல்ஷாப்பில் கணக்கு எழுதியவர். 1972-ல் ரேடியோ வாங்கியபோது கூடவே வந்த உறை மெல்லிசாக இருக்கிறதென்று, அங்கே வேலை பார்த்தவர் ஒருவரிடம் நல்ல ஆட்டுத்தோலில் தைத்து வாங்கினார். ரேடியோவைவிட உறை நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தாரோ என்னவோ, அப்படித்தான் ஆகிவிட்டது என்று அன்று காலை நானும் நினைத்தேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்திருக்கும். ஒரு கையில் பிடித்துக் காதோடு வைத்துக்கொள்கிற அளவு. மேலே இழுத்தால் நீளும் ஏரியல், பக்கவாட்டில் இரண்டு திருகு, முகத்தில் ஒரு சிவப்பு முள். மத்திய அலை ஒன்று, சிற்றலை இரண்டு. முதுகை நெம்பித் திறந்தால் நான்கு பெரிய கட்டைகள் படுத்திருக்கும் தொட்டில். ஒரு கட்டைக்கு ஒன்றரை வோல்ட். நான்கும் சேர்ந்தால் 6 வோல்ட். அந்த 6 வோல்ட்டில்தான் எங்கள் வீட்டுக்கு டெல்லியும் கொழும்பும் லண்டனும் வந்து போயின.

இன்றைய பிள்ளைகளிடம் மின்சாரத்தை எண்ணிச் செலவழித்தோம் என்று சொன்னால் யூனிட் கணக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் எண்ணியது மணிக்கணக்கை. புதுக் கட்டை போட்ட தேதியை அப்பா தொட்டிலின் மூடியில் பென்சிலால் குறித்து வைப்பார். நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய இரண்டு மாதம் வரும். காலை 7.15-க்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயணசுவாமியின் குரல் தன் பெயரைச் சொல்லி முடிக்கும்போது அம்மா சரியாக இரண்டாவது இட்லித் தட்டை இறக்குவாள். சாயங்காலம் இலங்கை வானொலிக்கு அரை மணி நேரம், கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் பேசிய தமிழை, ஒரு தடவைகூட முகம் பாராத அந்த அண்ணன்மார்களின் தமிழை, மறுநாள் வகுப்பில் அப்படியே பேசிப் பார்ப்போம். இரவு 9.15-க்கு பி.பி.சி. தமிழோசை. பிறகு 'டக்' என்று திருகை அணைக்கும் சத்தம். அந்தச் சத்தத்தோடு எங்கள் நாள் முடியும்.

சத்தத்தைக் குறைத்து வைத்தால் கட்டை நாள்பட வரும் என்பது அப்பாவின் சட்டம். அதை வெறும் சிக்கனம் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். பின்னால் ரேடியோ பற்றிக் கொஞ்சம் படித்தபோதுதான் அது உண்மை என்று தெரிந்தது. அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் ஒலியைப் பெருக்கும் கடைசிப் பகுதி, சத்தம் கூடக் கூடத்தான் அதிகக் கரண்டை இழுக்கும். அடக்கமாக வைத்தால் அடக்கமாகக் குடிக்கும். அப்பா எந்தப் புத்தகமும் படிக்காமல் மூடியில் குறித்த தேதிகளைக் கொண்டே அதைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அந்தச் சட்டம் செய்த இன்னொரு காரியம் அவர் கணக்கில் வராதது. சத்தம் குறைவு என்பதால் எல்லோரும் நெருங்கி உட்கார வேண்டும். அப்பத்தாவுக்குக் காது மந்தம். ரேடியோ அவள் மடியில். தங்கை அவள் தோளில் சாய்ந்திருப்பாள். நான் முள் இருக்கும் பக்கம். வீட்டில் நான்கு தலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிற தூரத்தில் இருந்தது அந்த அரை மணி நேரம்தான். இன்று அதே கூடத்தில் ஆளுக்கொரு செல்போனும் காதுக்குள் ஆளுக்கொரு பொத்தானுமாக உட்கார்ந்திருக்கிறோம். யாருக்கும் யார் சத்தமும் தொந்தரவு இல்லை. நல்லதுதான். ஆனாலும் அந்த முட்டலுக்கு மனசு சில சமயம் ஏங்கும்.

கட்டை தீருவதற்கும் ஒரு வரிசை உண்டு, அதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதலில் சிற்றலை போகும்; அந்தப் பட்டையில் அலையைப் பிடிக்கும் பகுதிக்கு வோல்ட் குறைந்தால் தாங்காது. லண்டன் ஒரு நாள் இரவு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். மத்திய அலை கடைசிவரை நிற்கும். பிறகு பாட்டில் உச்சஸ்தாயி வருகிற இடத்தில் குரல் கம்மும்; தவிலோ டிரம்மோ அதிர்ந்தால் மூச்சு முட்டினாற்போல ஒரு கரகரப்பு. அப்போது கட்டைகளைக் கழற்றி மொட்டை மாடியில் வெயிலில் காயவைப்போம். திண்டுக்கல் வெயிலுக்குக் குறைவா? மலைக்கோட்டைப் பாறையில் பட்டுத் திரும்பும் அனல் எங்கள் மாடியில் இறங்கும். சூடு ஏறினால் கட்டைக்குள்ளே இருக்கும் பசையில் ரசாயன வேலை கொஞ்சம் துரிதப்படும். இரண்டு மூன்று நாளைக்கு உயிர் வரும். அதுவும் தீர்ந்தபின் கட்டை என் சொத்து. கல்லால் உடைத்தால் நடுவில் கருப்புக் கரிக்கோல்; அதை வைத்துத் தெருத்திண்ணை முழுக்கப் படம் வரையலாம். சுற்றியிருக்கும் கருந்தூளைக் குழைத்துச் சிலேட்டுக்குப் பூசினால் புதுச் சிலேட்டு. 1866-ல் லெக்லாஞ்சே என்ற பிரெஞ்சுக்காரர் துத்தநாகமும் கரியும் மாங்கனீசும் நவச்சாரமும் சேர்த்துச் செய்த மின்கலத்தின் வழியில் வந்த பேரப்பிள்ளை அது என்று அப்போது எனக்குத் தெரியாது. கையெல்லாம் கருப்பாகித் திட்டு வாங்கியது மட்டும் தெரியும்.

அந்த நான்கு கட்டைக்கு ஊரே காத்திருந்த நாட்களும் உண்டு. 1973 மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல். அ.தி.மு.க. தொடங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. இரட்டை இலைச் சின்னம் முதன்முதலாகக் களம் கண்ட தேர்தல். வாக்கு எண்ணிய அன்று எங்கள் திண்ணையில் நிற்க இடமில்லை. மாயத்தேவர் வென்றார் என்ற செய்தி வந்தபோது எழுந்த சத்தத்தில் செய்தியின் மிச்சம் யாருக்கும் கேட்கவில்லை. தி.மு.க.க்காரரான எதிர்வீட்டு மாமா மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கட்டையை அணைங்கப்பா, தீர்ந்துரப் போகுது" என்று சொல்லிவிட்டுப் போனார். தோற்ற நேரத்திலும் அடுத்த வீட்டுக் கட்டையை நினைத்த அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை.

1977 நவம்பரில் அந்த ரேடியோவுக்குச் சோதனை வந்தது. 12-ஆம் தேதி அதிகாலை நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கரையேறிய புயல், கடற்கரையோடு நிற்காமல் உள்நாட்டைக் கிழித்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தது. மேற்கே மலையிலும் கீழே சமவெளியிலும் ஒரே மழை. குடகனாறு கரை கொள்ளாமல் ஓடியது. வேடசந்தூர்ப் பக்கத்துச் சேதம் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் நெஞ்சைப் பிசைந்தது. கம்பங்கள் சாய்ந்து ஊரில் கரண்ட் இல்லை. அம்மாவின் தங்கை வேடசந்தூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வீட்டில் கட்டை ஏற்கெனவே இறங்கியிருந்தது, கடைகள் திறக்கவில்லை. அப்பா செய்தி நேரத்துக்கு மட்டும் ரேடியோவைத் திருகுவார். பத்து நிமிஷம். அணைத்ததும் கட்டைகளை வெளியே எடுத்து அப்பத்தா அடுப்புத் திட்டின் இளஞ்சூட்டில் துணியில் சுற்றி வைப்பாள். அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு சொல்கூடத் தவறவிடாமல் கேட்டோம். அப்படிக் கேட்பதை நான் வாழ்க்கையில் அதற்குப் பிறகு அதிகம் செய்ததில்லை. நான்காம் நாள் சித்தி நனைந்த புடவையோடு நேரிலேயே வந்து சேர்ந்தாள். அதன் பிறகு ரேடியோ நினைவு யாருக்கும் வரவில்லை. செத்த கட்டைகள் உள்ளேயே கிடந்தன.

செத்த கட்டையை உள்ளே விடக் கூடாது என்பதைச் சொல்லித் தந்தவர் பாய். பேகம்பூர் போகும் வழியில் எட்டடிக்கு ஆறடி அறை அவர் ரேடியோ ரிப்பேர் கடை. பொங்கலுக்குப் பிறகு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். மூடியைத் திறந்தவர் உதட்டைப் பிதுக்கினார். கட்டையின் துத்தநாகக் கூடே அதன் உணவு. அது கரைந்து கரைந்துதான் கரண்ட் வருகிறது. முழுக்கக் கரைந்ததும் கூடு ஓட்டையாகி, உள்ளே இருக்கும் பசை கசிந்து, தொட்டதையெல்லாம் தின்கிறது. தொட்டிலின் ஒரு கோடியில் இருந்த இரும்புச் சுருள் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, விரல் பட்டதும் பொடிந்தது.

"இதுக்கு ஸ்பிரிங் மதுரைக்குப் போனாத்தான் கிடைக்கும் தம்பி. நீ குடைப்பாறைப்பட்டிக்கு ஓடு. பூட்டுப் பட்டறையில நான் கேட்டேன்னு சொல்லி, விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைத் தகடு வாங்கிட்டு வா. மெல்லிசா, அடிச்ச தகடா இருக்கணும். அப்பத்தான் வளைச்சா திரும்பி நிக்கும்."

சைக்கிளை மிதித்தேன். பட்டறையில் ஐந்தாறு பேர் தரையில் உட்கார்ந்து அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்கள். மாங்காய்ப் பூட்டுகள் முடிந்ததும் முடியாததுமாகக் கிடந்தன. விஷயத்தைச் சொன்னதும் ஒரு பெரியவர் ஒரு துண்டுத் தகட்டை எடுத்துச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, வளைத்துப் பார்த்து, அது துள்ளி நிமிர்ந்ததும் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பாய் அதை 'ட' போல மடித்து, துளை போட்டு, ஈயம் வைத்துப் பற்றவைத்தார். ரேடியோ பேசியது.

அன்று அவர் சொன்ன பாடத்தைத்தான் இத்தனை பக்கம் சுற்றிக்கொண்டு சொல்ல வந்தேன். "ரேடியோ பேசலைன்னா எல்லாரும் நேரா வயித்தைத்தான் கிழிப்பாங்க. டிரான்சிஸ்டர் போச்சு, காயில் போச்சும்பாங்க. அதெல்லாம் அவ்வளவு சீக்கிரம் போகாது தம்பி. கட்டையிலேருந்து கிளம்பு. கரண்ட் எதுவரைக்கும் நடந்து வந்துச்சுன்னு பாரு. வந்த எடம் வரைக்கும் குத்தமில்ல. நின்ன எடத்துல பாரு. பத்துக்கு எட்டு, ரெண்டு சாமான் ஒண்ணை ஒண்ணு தொடுற எடமாத்தான் இருக்கும்."

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டுக்கு எலிமினேட்டர் வந்தது. ஒரு செங்கல்லில் பாதி அளவு தகரப்பெட்டி. உள்ளே டிரான்ஸ்ஃபார்மரும் டயோடுகளும் ஒரு பெரிய கெப்பாசிட்டரும். 3, 4.5, 6, 9, 12 என்று எண்கள் போட்ட திருகு. சுவரில் மாட்டி, வயரின் முனையை ரேடியோவின் பக்கவாட்டுத் துளையில் செருகினால் போதும், கட்டையே வேண்டாம். அந்த நாள் எங்கள் வீட்டில் பண்டிகை போலத்தான் இருந்தது. 'உம்ம்ம்' என்று அடியில் ஒரு இரைச்சல் விடாமல் இருந்ததை யார் பொருட்படுத்தினார்கள்! சத்தத்தைக் கூட்டி வைக்கலாம். காலையிலிருந்து இரவுவரை பாடலாம். அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டாள். நான் வாசலிலிருந்து கேட்டேன். தங்கை மாடியிலிருந்து கேட்டாள். அப்பத்தா மடி காலியானது. எண்பதுகளின் நடுவில் தபால் ஆபீஸில் வருஷாவருஷம் பணம் கட்டி முத்திரை வாங்க வேண்டிய ரேடியோ லைசென்ஸும் ஒழிந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானதும் அந்த வாக்கில், 1985-ல்தான். எல்லாப் பக்கமும் கதவு திறந்த மாதிரி இருந்தது. கட்டை போட்ட தேதிகள் மூடியில் 1981-ஓடு நின்றுபோயின. வயர் எட்டிய தூரமே ரேடியோவின் உலகமானது. சிறுமலைக்கும் ஆத்தூர் அணைக்கும் தோளில் வந்தது அதன் பிறகு சுவரைவிட்டு நகரவில்லை. நாளடைவில் டி.வி. வந்தது, அப்பா காலமானார், யாரோ வயரைக் கழற்றினார்கள்.

நடுவில் ஒரு முறை அதைத் தேடினேன். 2012-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் மாவட்டத்தில் கரண்ட் இருந்த நேரத்தைத்தான் அதிசயமாகச் சொல்லிக்கொள்வோம். பகலில் தறியும் மில்லும் நிற்க, இரவில் விசிறியும் நிற்க, கைவிசிறியோடு திண்ணைக்கு வந்தது ஊர். வெகுநாளைக்குப் பிறகு தெருவில் ஒருவரோடு ஒருவர் பேசினோம். அந்த இருட்டில்தான் ரேடியோ நினைவு வந்தது. நான்கு புதுக் கட்டை வாங்கிப் போட்டேன். திருகினேன். மூச்சே இல்லை. எலிமினேட்டரை மாட்டிப் பார்க்கலாமென்றால் கரண்ட் இல்லை. வந்தபோது மறந்துவிட்டேன். வயசாகிவிட்டது, போய்விட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லி, உறையில் போட்டுப் பரணில் ஏற்றினேன். பாய் சொன்ன பாடத்தை அன்று நான் மதிக்கவில்லை. கட்டைகளைக்கூட வெளியே எடுக்காமல் விட்டேன். அது என் தவறு. அந்த வருத்தத்தோடுதான் இந்த மாசியில் மூடியைத் திறந்தேன்.

கசிந்திருந்தது. இரண்டு கட்டை உருகி ஒட்டியிருந்தன. மூன்று சுருள்கள் துருவும் வெள்ளைப் பூப்புமாகக் கிடந்தன. நான்காவது மூலையில் மட்டும் பச்சைப் படலத்துக்குக் கீழே ஏதோ உறுதியாக நின்றது. உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தேன். படலம் போக, தங்கம்போல ஒரு கோடு தெரிந்தது. குடைப்பாறைப்பட்டித் தகடு! விரலால் அழுத்தினால், நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும், துள்ளி நிமிர்ந்தது. அந்தப் பட்டறைகளில் இன்று பழைய கூட்டம் இல்லை. அலிகாரிலிருந்து இயந்திரத்தில் செய்து மலிவாக வந்த பூட்டுகள் கை வேலையை ஒடுக்கிவிட்டன. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்தப் பெரியவரின் கைத்திறனுக்கு ஒரு சான்றிதழ் என் ரேடியோவுக்குள்ளே பச்சை பூத்துக் காத்திருந்தது என்பது இந்த மாசியில்தான் தெரிந்தது.

ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். இந்த வகைக் கட்டையின் கசிவு புளிப்புக் குணம், சோடா அதை முறிக்கும். ஆல்கலைன் கட்டை கசிந்தால் அது காரம். அதற்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோதான் வேண்டும். காய்ந்ததும் சுருள்களைச் சுரண்டி வெளுப்பாக்கினேன். கட்டை வாங்க மேற்கு ரத வீதியில் மூன்று கடை ஏறினேன். பென்சில் கட்டை சரம் சரமாகத் தொங்குகிறது, பெரிய கட்டை கேட்டால் கடைப்பையன் பின்னறைக்குள் போய்த் தேடுகிறான். கொண்டுவந்து வைத்ததும் பேரன் தன் மல்டிமீட்டரைத் தொட்டுப் பார்த்தான். "தாத்தா, நாலும் ஒன்றரை காட்டுது. சூப்பரா இருக்கு."

"அப்படிப் பார்த்தா தெரியாதுடா. சும்மா நிக்கிறவன் யாரும் பலசாலிதான். தலையில மூட்டையை ஏத்திப் பாரு."

பாய் செய்ததுபோல ஒரு டார்ச் பல்பில் இரண்டு வயர் கட்டினேன். ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுப் பார்த்ததில் மூன்று மஞ்சளாக நின்று எரிந்தன. ஒன்று மினுக்கிவிட்டு மங்கிச் சிவந்து படுத்தது. பல்பு எரிகிறபோதே மீட்டரை வைத்தால் அந்த நான்காவது கட்டை ஒரு வோல்ட்டுக்கும் கீழே சரிந்தது. கடையில் நெடுநாள் கிடந்து உள்ளே காய்ந்த கட்டை. பேரன் கண் விரிந்தது. மாற்றி வாங்கிப் போட்டோம். திருகினேன். மூச்சில்லை.

இந்த முறை தீர்ப்புச் சொல்லவில்லை. எலிமினேட்டர் இன்னும் இருந்தது. 6-இல் வைத்து வயரைச் செருகினேன். 'உம்ம்ம்'. பின்னே, ஸ்பீக்கரிலிருந்து ஒரு சீறல்! உயிர் இருக்கிறது. சுவரிலிருந்து வந்தால் பேசுகிறது. கட்டையிலிருந்து வந்தால் பேசவில்லை. அப்படியானால் டிரான்சிஸ்டர்கள் மேல் பழியில்லை. முதுகின் நான்கு திருகாணியைக் கழற்றினோம். பேரன் மீட்டரைப் பிடிக்க, நான் வழி காட்ட, கட்டையிலிருந்து கிளம்பினோம். தொட்டிலின் கோடியில் 6 வோல்ட். சிவப்பு வயரின் மறுமுனையில் 6. அது எலிமினேட்டர் செருகும் ஜாக்கின் முதல் காலில் ஏறுகிறது, அங்கேயும் 6. பக்கத்துக் காலில் சுழி. கரண்ட் அங்கே நின்றுவிட்டது.

அந்த ஜாக்கின் உள்ளமைப்பு எளியது. உள்ளே ஒரு மெல்லிய தகட்டு நாக்கு இருக்கிறது. எதையும் செருகாதபோது அது எதிர்த்தகட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். கட்டையின் கரண்ட் அந்தத் தொடுகையின் வழியாகத்தான் ரேடியோவுக்குள் போக வேண்டும். வெளியிலிருந்து முனையைச் செருகினால் அது நாக்கைத் தள்ளிப் பிரித்துவிடும். கட்டை ஒதுங்கும், சுவர்க் கரண்ட் நுழையும். முனையை உருவியதும் நாக்கு தானாகத் திரும்பி வந்து தொட வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் அந்த முனையைப் பதினைந்து வருஷத்துக்கு மேல் யாரும் உருவவே இல்லை. தள்ளிவைத்த நாக்கு தள்ளினபடியே நின்று பழகி, துள்ளலை இழந்து, மேலே கருத்து, திரும்பும் வழியை மறந்துவிட்டது. கட்டைச் செலவை மிச்சம் பிடிக்க நாங்கள் கொண்டாடி வாங்கிய அந்த வயர்தான், கட்டையில் பேசும் சக்தியை ரேடியோவிடமிருந்து மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டது. 2012-ல் அந்த இருட்டில் நான் போட்ட நான்கு கட்டையும் முழு பலத்தோடு இந்த வாசலில் வந்து நின்று, உள்ளே போக வழியில்லாமல், அங்கேயே கரைந்து போயிருக்கின்றன.

இரும்பு எதையும் விடக் கூடாது என்று வாசல் விளக்குமாற்றிலிருந்து ஒரு தென்னை ஈர்க்குச்சியை உருவி வந்தேன். நாக்கின் முதுகில் வைத்து, எறும்பை நகர்த்துகிற அழுத்தத்தில், ஒரு மயிரிழை தள்ளினேன். ரேடியோ சீறியது. எடுத்தேன், நின்றது. மறுபடி தொட்டேன், சீறியது. "தாத்தா! தாத்தா!" என்று பேரன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். அவன் தலை என் தலையில் முட்டியது.

மிச்சம் பத்து நிமிஷ வேலை. பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றிலிருந்து மெல்லிய அட்டைக் கீற்று கிழித்து, ஸ்பிரிட்டில் நனைத்து, நாக்குக்கும் தகட்டுக்கும் நடுவில் விட்டு மெல்ல இழுத்தோம், கருப்பாக வந்தது. வெளுப்பாக வரும்வரை இழுத்தோம். இடுக்கியால் நாக்கை ஒரு துளி உள்வாங்கி வளைத்தோம். பாயின் கடை இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை, பாயும் இல்லை. இருந்திருந்தால் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்து, எதுவும் சொல்லாமல் திருகியிருப்பேன்.

இரவு கூடத்தில் உட்கார்ந்து மத்திய அலையில் முள்ளை நகர்த்தினேன். நிலையங்கள் வரவில்லை, ஒரே இரைச்சல், வெங்காய வடைச் சட்டி மாதிரி. முதலில் ரேடியோவைச் சந்தேகித்தேன். பிறகு பேரன் எழுந்து விளக்கை அணைத்தான், இரைச்சல் பாதியானது. சார்ஜரைப் பிடுங்கினான், இன்னும் குறைந்தது. எல்.ஈ.டி. விளக்குக்குள்ளும் சார்ஜருக்குள்ளும் கரண்டை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிச் சேர்க்கும் சின்னச் சுற்றுகள் இருக்கின்றன. அவை மின்சாரத்தை மிச்சம் பிடித்துத் தருகின்றன, கூடவே மத்திய அலை முழுக்கத் தூசியைக் கிளப்புகின்றன. தெருவில் எத்தனை வீடு, எத்தனை விளக்கு! சுவரில் செருகி வைத்த ரேடியோவுக்கு இந்த ஊரில் இனிக் காதில்லை. சுவரை விட்டு, வீட்டை விட்டு, வெளியே நடந்தால்தான் கேட்கும். அதற்குக் கட்டை வேண்டும்.

தோலுறையில் போட்டு வாரைத் தோளில் மாட்டிக்கொண்டேன். பேரன் டார்ச்சை எடுத்தான். தாடிக்கொம்புச் சாலையில் வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்துக்கு நடந்தோம். ஒவ்வொரு கம்பத்தைத் தாண்டும்போதும் இரைச்சல் ஒரு படி இறங்கியது. பின்னால் மலைக்கோட்டை இருட்டாக நின்றது. தூரத்தில் சிறுமலை ஒரு கோடு. பகலில் மத்திய அலையை மேல்வானத்தில் ஓர் அடுக்கு உறிஞ்சிவிடும்; பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்து, அதற்கும் மேலே பட்டுத் திரும்பும் அலைகள் நூற்றுக்கணக்கான மைல் தாண்டி வந்து இறங்கும் என்று நடந்தபடியே அவனுக்குச் சொன்னேன். ஒரு வரப்பில் உட்கார்ந்தோம். ரேடியோவைக் கையில் பிடித்து அப்பா செய்வதுபோல மெல்லத் திருப்பினேன். உள்ளே இருக்கும் ஏரியல் கோல் நிலையத்துக்குக் குறுக்காக வருகிற திசையில் ஒரு நாகஸ்வரம் தெளிந்து எழுந்தது. எந்த ஊர் என்று தெரியவில்லை. மிக மெல்லிசாக, தூரத்திலிருந்து, நின்று நிதானித்து வந்தது.

"இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்க தாத்தா."

"வேண்டாம்டா. கிட்ட வா."

வந்தான். வீடு திரும்பியதும் கட்டைகளைக் கழற்றித் தனியே வைத்தேன். மூடியின் உட்பக்கத்தில், அப்பாவின் 1981-க்குக் கீழே, பென்சிலால் அன்றைய தேதியை அவனே எழுதினான்.